ஹகோனே: வட்டத்தைத் திருப்பிச் சுற்றுங்கள்

கேள்வி: நவம்பரில் தோக்கியோவிலிருந்து ஹகோனே போகிறோம். இரண்டு நாள், ஓர் இரவு. நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், 68 வயதாகும் அம்மா. அம்மாவுக்கு ஆஸ்துமா இழுப்பும் முழங்கால் வலியும் உண்டு. எதைப் பார்ப்பது, எதை விடுவது? வெந்நீர் ஊற்றில் குளிக்கும் முறை என்ன?

பதில்: ஹகோனேயில் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுகிறார்கள். ஹகோனேயின் நுழைவூரான யுமோதோவிலிருந்து மலை ரயில், கோராவில் இழுவை ரயில், சோஉன்சானில் ரோப்வே, எரிமலைப் பள்ளத்தாக்கான ஓவாகுதானி, பிறகு ஆஷி ஏரியில் கப்பல். பத்து மணிக்குக் கிளம்பினால் ஏரிக்கு வந்து சேரும்போது மதியம் தாண்டிவிடும். அதற்குள் ஃபூஜி மலை பெரும்பாலும் மேகத்துக்குள் போயிருக்கும். நீங்கள் ஏரியில் தொடங்கி எதிர்த்திசையில் வாருங்கள்.

தங்குவது யுமோதோவில் இருக்கட்டும். தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ஓதக்யூ என்ற தனியார் நிறுவனத்தின் விரைவு ரயிலான ரொமான்ஸ்காரில் ஏறினால் ஏறத்தாழ 85 நிமிடத்தில் நேராக அங்கே இறங்கலாம். ஹகோனே ஃப்ரீ பாஸ் வாங்கினால் மலை ரயில், ரோப்வே, கப்பல், உள்ளூர்த் தோசான் பேருந்து எல்லாம் அதில் அடக்கம். ரொமான்ஸ்காருக்கான கூடுதல் கட்டணமும் அருங்காட்சியக நுழைவுச் சீட்டும் அதில் சேராது. ஜப்பான் ரயில்வேயின் ஜேஆர் பாஸ் இருந்தாலும் ஓதக்யூ ரயிலில் செல்லாது. அதை வைத்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஓதவாரா வரைதான் வரலாம்.

முதல் நாள் காலையில் பெட்டிகளை விடுதியில் கொடுத்துவிட்டு ஏரிக்கரையிலுள்ள மோதோ ஹகோனேவுக்குப் பேருந்து ஏறுங்கள். ‘எச்’ (H) வழித்தட வண்டி மியானோஷிதா வழியாகப் போகும். விடுமுறை நாளில் அங்கே நெரிசலில் மாட்டிக்கொள்ளும். ‘கே’ (K) வண்டி பழைய தோக்காய்தோ நெடுஞ்சாலையில் ஏறும். நெரிசல் குறைவு, ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் எச் வண்டியே மேல்.

ஏரிக்கரையில் அவசரப்படாதீர்கள். தண்ணீரில் நிற்கும் சிவப்புத் தோரணவாயில் ஹகோனே கோயிலுடையது. அதன் கீழ் படம் எடுக்க நெடிய வரிசை நிற்கும். கரையில் சற்றுத் தள்ளி நின்றாலே நல்ல படம் கிடைக்கும். கோயிலுக்கு ஏறத்தாழ 90 படி. முழங்கால் வலியோடு அம்மா ஏற வேண்டாம். அவரை அழைத்துப் போகவேண்டிய இடம் பக்கத்திலிருக்கும் தேவதாரு மரச் சாலை. பழைய நெடுஞ்சாலையின் மிச்சம் அது, பெரும்பாலும் சமதரை. அதன் மறுமுனைப் பக்கம் 1619இல், அன்று ஜப்பானை ஆண்ட தோகுகாவா ஆட்சி அமைத்த சோதனைச் சாவடி இருக்கிறது. இப்போது நிற்பது 2007இல் முடிந்த மறுகட்டுமானம். இங்கே கெடுபிடி முக்கியமாக எதோவை (இன்றைய தோக்கியோவை) விட்டு வெளியேறும் பெண்கள் மீதுதான். தலைநகரில் பணயம்போல் வைத்திருந்த பிரபுக்களின் மனைவியர் தப்பிவிடக் கூடாதே! முடியைக்கூடக் கோதிப் பார்க்கப் பெண் காவலர்கள் இருந்தார்கள்.

பிறகு கப்பலில் ஏரியின் மறுமுனைத் துறையான தோகெண்தாய். அங்கே நீங்கள் இரண்டாகப் பிரிய வேண்டும்.

ரோப்வே ஓவாகுதானியின் கந்தகப் புகைக்கு மேலேதான் போகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடும் சல்ஃபர் டை ஆக்சைடும் கலந்த புகை அது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வர வேண்டாம் என்று அங்கேயே எச்சரிக்கிறார்கள். இன்ஹேலர் இருக்கிறதே என்று துணிய வேண்டாம். கேபின் கண்ணாடி மூடியிருந்தாலும் வாடை உள்ளே வரும். அம்மாவும் உங்களில் ஒருவரும் தோகெண்தாயிலிருந்து ‘டி’ (T) பேருந்து ஏறினால் நேராக யுமோதோ. அது கிளம்பும் இடமே அதுதான் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். வழியில் செங்கோகுஹாரா நாணற்புல் வெளி வரும். நவம்பர் தொடக்கத்தில் இன்னும் பொன்னிறமாக இருக்கும்.

மற்றவர்கள் ஓவாகுதானியில் இறங்கிக் கறுப்பு முட்டை சாப்பிடலாம். ஊற்று நீரிலுள்ள இரும்பு ஓட்டில் படிந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடோடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகிறது. கறுப்பு ஓட்டில் மட்டும்தான். உள்ளே சாதாரண அவித்த முட்டை. ஒன்று தின்றால் ஏழு வருடம் ஆயுள் கூடுமாம். பொட்டலமாகத்தான் விற்பார்கள், ஒற்றையாகக் கிடைக்காது. ஏறத்தாழ 1,044 மீட்டர் உயரம், காற்று வேறு, ஸ்வெட்டர் தேவை. பலத்த காற்றிலும் வாயு அளவு கூடும்போதும் ரோப்வே நின்றுவிடும். 2015இல் இங்கே சிறு வெடிப்பே நடந்தது. அன்று காலை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாலை 5 மணிக்குள், குளிர்காலத்தில் அதற்கும் முன்பே சேவை முடிந்துவிடும். முட்டை சாப்பிட்டவர்கள் சோஉன்சான், கோரா வழியாக யுமோதோ திரும்பலாம்.

மறுநாள் மலை ரயில் எல்லோருக்கும். 1919இலிருந்து ஓடுவது, மிகச் செங்குத்தான இடத்தில் 1,000 மீட்டருக்கு 80 மீட்டர் ஏறுகிறது. மூன்று இடங்களில் வண்டி நின்று, ஓட்டுநரும் நடத்துநரும் முனை மாறி, பின்னோக்கிக் கிளம்பும். வளைவுகளில் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடுவதில்லை, சக்கரம் வழுக்கும். வண்டியே தண்ணீர் தெளித்துக்கொண்டு போகும். சோகோகு நோ மோரியில் இறங்கினால் 1969இல் தொடங்கிய திறந்தவெளிச் சிற்ப அருங்காட்சியகம். பிக்காசோவுக்குத் தனி மண்டபமே உண்டு. சரிவான இடம், அம்மா களைத்தால் உள்ளேயே கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது.

குளியலுக்கு வருவோம். ஆண், பெண் தனித்தனி; துணி இல்லாமல்தான் இறங்க வேண்டும். முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்பு போட்டு முழுக்கக் கழுவி, நுரை போக அலசிவிட்டுத்தான் தொட்டி. சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், தலைமுடி நீரில் படக்கூடாது. கூச்சமாக இருந்தால் விடுதியில் ‘காஷிகிரி’ என்று கேளுங்கள். குடும்பத்துக்கு மட்டும் சிறிது நேரம் தனிக்குளியல் கிடைக்கலாம். நீச்சலுடையோடு இறங்க கோவாகிதானியில் யுனெஸ்ஸன் என்ற வெந்நீர்ப் பூங்கா இருக்கிறது. அம்மா சாப்பிட்ட உடனே இறங்க வேண்டாம். காலிலிருந்து மேலாக வெந்நீர் ஊற்றிப் பழக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் போதும், எழும்போது மெதுவாக.

யுமோதோவைச் சொன்னதற்கு இன்னொரு காரணம், அங்கே பெரும்பாலும் தெளிந்த, வாடையற்ற நீர். ஓவாகுதானியிலிருந்து வரும் பால்போன்ற கந்தக நீரில் மெட்டியும் கொலுசும் கறுத்துப்போகும். கறுத்தால் அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் கலந்து, வெள்ளி தாளில் படும்படி சில நிமிடம் போட்டு எடுங்கள்.