சாவில் ஆடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் வியாசர்பாடியில் ஒரு சாவு ஊர்வலம் பார்த்தேன். மேளம், வெடி, பிணத்துக்கு முன்னால் ஆட்டம், விசில். கேட்டால் 'இது எங்க கலாச்சாரம்' என்றார்கள். எந்தப் பண்பாட்டையும் உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்று எழுதுகிறவர் நீங்கள். ஆணவக்கொலை செய்கிறவனும் 'எங்கள் வழக்கம்' என்கிறான். அவனை எப்படிக் கண்டிப்பீர்கள்?

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் இடிக்கிறது.

நான் ராயபுரத்துக்காரன். பேரன் பேத்தி எடுத்த பிறகு போனால் இங்கே அது கல்யாணச் சாவு. இரவெல்லாம் மரண கானா நடக்கும். போனவரின் பெயரும் அவர் செய்த சேட்டைகளும் பாட்டில் வர, அழுதுகொண்டிருப்பவர்களே சிரித்துவிடுவார்கள். உங்களுக்குப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கிறது. சரி, அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஓடும் பஸ் மீது மாலையைப் பிய்த்து எறிவதையும் ஆஸ்பத்திரி வாசலில் சரவெடி கொளுத்துவதையும் நானும் திட்டுவேன். அங்கே சம்பந்தமில்லாதவனுக்கு அடிபடுகிறது.

ஃப்ரான்ஸ் போவாஸ் போன்ற மானிடவியலாளர்கள் பண்பாட்டை உள்ளிருந்து பார்க்கும் இந்தப் பார்வையைக் கொண்டுவந்தது, ஐரோப்பியனை மேல்படியிலும் மற்றவர்களைக் கீழேயும் நிறுத்திய கணக்கை உடைக்க. முதலில் புரிந்துகொள் என்றார்கள். அதைத் தீர்ப்பே சொல்லாதே என்று நீட்டினால்தான் சிக்கல்.

1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழித்துச் சட்டம் வந்தது. அதற்காகப் பல வருடம் வாதாடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாய் அந்த மரபில் வந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதற்குள்ளிருந்து வெளியே வந்தவர்தான். சட்டம் வேண்டாம் என்று மனு கொடுத்த தேவதாசிகளும் உண்டு. ஆக, எந்தப் பண்பாட்டுக்குள்ளும் ஒரே குரல் இருப்பதில்லை. யார் பேச்சு எடுபடுகிறது, யார் வாய் அடைக்கப்படுகிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆணவக்கொலையில் சாகிற பெண்ணும் அதே வீட்டில், அதே வழக்கங்களோடு வளர்ந்தவள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிழவிகளோ உயிரோடு இருக்கும்போதே 'நான் போனா பேண்டு வெச்சு ஜோரா அனுப்புங்கடா' என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. சாவில் ஆடுகிறவனைப் பண்பாடில்லாதவன் என்று சொல்ல யாருக்கும் நாக்கு கூசுவதில்லை. சாதிக்காக மகளைக் கொன்றவனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் 'பாவம், மானஸ்தன்' என்று குரல் இறங்குகிறது. நீங்கள் அப்படி எழுதவில்லை. எனக்கு வருகிற மற்ற கடிதங்களில் அது நிறைய இருக்கிறது.