கரண்ட் வைத்து முடித்த பிறகு: உங்கள் கேள்விகளுக்கு ஒரு கதிர்வீச்சு மருத்துவரின் பதில்கள்

பலகையில் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு என்று எழுதியிருந்தாலும் மதுரைப் பக்கம் அதற்குப் பேர் கரண்ட் வைக்கிறதுதான். நானும் ஓபியில் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். சிகிச்சை நடக்கும்போது வருகிற வாய்ப்புண், தோல் கருப்பு எல்லாம் பலருக்கும் தெரியும். முடித்து ஒரு வருஷம், ஐந்து வருஷம் கழித்து வருகிற தொந்தரவுகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உங்கள் ஃபைலைப் பார்க்காமல் எழுதுவது இது, அதனால் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரண்ட் வைத்துவிட்டு வந்தவர் பேரக் குழந்தையைத் தூக்கலாமா டாக்டர்? வீட்டில் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள். (திருமங்கலம்)

தட்டை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள். வெளியிலிருந்து மெஷினில் வைக்கிற கரண்ட் உடம்பில் தங்காது. டியூப் லைட்டை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டா இருக்கிறது? தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் மருந்து குடிப்பது வேறு சங்கதி, அதற்குச் சில நாள் விலகியிருக்கச் சொல்வோம். மற்றபடி தாராளமாகத் தூக்கலாம்.

சிகிச்சை முடிந்து நன்றாக இருந்தவருக்கு மூன்று வருஷம் கழித்து எப்படிப் பின்விளைவு வரும்? (வாடிப்பட்டி)

சிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகு வருவதை நாங்கள் தாமத விளைவு என்கிறோம். வாயின் உள்தோல் போன்றவை வேகமாக வளர்கிற திசுக்கள், சீக்கிரம் அடிபட்டுச் சில வாரத்தில் ஆறிவிடும். எலும்பு, தசை, நரம்பு, சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் இதெல்லாம் மெதுவாகத்தான் காட்டும். வாய்க்கால் தூர்ந்துபோனது கண்மாயில் தண்ணீர் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, ரெண்டு போகம் கழித்துக் கடைமடை காயும்போதுதான் தெரியும். அதே மாதிரி ரத்தக் குழாய் சுருங்கி, தசை நாராகி, வெளியே தெரிய வருஷக்கணக்காகும்.

தொண்டைக்கு வைக்கிறார்கள், ஏழு வாரம் பஸ்ஸில் அலைய முடியவில்லை. எல்லாவற்றையும் ரெண்டு நாளில் மொத்தமாக வைத்துவிட முடியாதா? என் மதினிக்கு மார்பகத்துக்கு மூணே வாரத்தில் முடித்துவிட்டார்கள். (உசிலம்பட்டி)

உங்கள் அலுப்பு புரிகிறது. ஆனால் பின்விளைவைக் குறைக்க எங்களிடம் இருக்கிற பழைய, நல்ல ஆயுதமே இந்தத் தவணைமுறைதான். தொண்டைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கிரே (கிரே என்பது கதிரை அளக்கிற அலகு), வாரத்தில் 5 நாள், மொத்தம் 66 அல்லது 70 வரை போகும். ஒவ்வொரு நாள் இடைவெளியிலும் நல்ல திசு தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிறது, புற்றுநோய்க்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. ஒரே நாளில் போடும் அளவு கூடக் கூட, மெதுவாக வளரும் திசுக்கள்தான் அதிகமாக அடிவாங்கும். மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் விதிவிலக்கு, அதன் செல்களும் தினசரி அளவு கூடினால் நன்றாகவே கேட்கும். அதனால் அங்கே 15 நாளில் 40 கிரே இப்போது சாதாரணம். 5 நாளில் 26 கிரே வைத்தாலும் போதும் என்று பிரிட்டன் ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது, அதுவும் எல்லாருக்கும் அல்ல. மதினியின் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது.

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். கரண்ட் வைப்பதற்கு முன் நாலு பல்லைப் பிடுங்கச் சொல்கிறார்கள். இது காசு பிடுங்குகிற வேலையா? (சோழவந்தான்)

கோபப்படாமல் கேளுங்கள், உங்கள் அப்பாவுக்கு அவர்கள் நல்லதுதான் செய்கிறார்கள். கீழ்த்தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு. அதன்மேல் 60 கிரேக்கு மேல் விழுந்தால் இன்னும் குறைந்துபோகும். அதற்கப்புறம் பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் போகலாம், எலும்பே செத்து வெளியே தெரியும். ஆகவே காப்பாற்ற முடியாத பல்லை இப்போதே எடுத்து, ரெண்டு வாரம் போல ஆறவிட்டு, அப்புறம் தொடங்குவோம்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சிகிச்சை முடிந்து மூன்று வருஷம், புற்றுநோய் சுத்தமாக இல்லை. பல் ஆடியிருக்கிறது, ஊரிலேயே ஒரு இடத்தில் பிடுங்கிக்கொண்டார். கரண்ட் வைத்ததை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. என்னிடம் வரும்போது ஈறுக்குள் மஞ்சளாக எலும்பு தெரிந்தது, விரல் நுனியால் தொட்டால் சொரசொரவென்று. ஃபைல் எங்கே என்றேன். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறதாம்! அன்றிலிருந்து ஒரு சின்ன அட்டையில் "கழுத்துக்கும் தாடைக்கும் கரண்ட் வைத்தவர், கேட்காமல் பல் பிடுங்காதீர்கள்" என்று எழுதிச் சட்டைப் பையில் வைக்கச் சொல்கிறேன். அந்த எச்சரிக்கை ஆயுள் முழுக்கத்தான், காலாவதி கிடையாது. அப்புறம், உங்கள் அப்பா வெற்றிலைக் கொடிக்கால் ஊர்க்காரர் என்பதால் சொல்கிறேன், வெற்றிலை மட்டும்தானே என்று திரும்ப ஆரம்பிப்பார், பாக்கும் புகையிலையும் தானாகப் பின்னால் வந்துவிடும்.

வாய் காய்ந்தே இருக்கிறது, சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஜிகர்தண்டா மட்டும் இறங்குகிறது. குடிக்கலாமா? (செல்லூர்)

எப்போதாவது குடியுங்கள், குடித்ததும் வாயைக் கொப்பளியுங்கள். எச்சில் குறைந்த வாயில் சர்க்கரை தங்கினால் பல் வரிசையாகச் சொத்தையாகும். ஃப்ளோரைடு பேஸ்ட், கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், ரசம் சாதத்தைக் குழைத்து, மோர் ஊற்றி.

காதுக்கு முன்னால் இருக்கிற எச்சில் சுரப்பியைக் காப்பாற்றத்தான் நாங்கள் கம்ப்யூட்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறோம். சிடி ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் அந்தச் சுரப்பியின் ஓரத்தை மவுஸால் கோடு போட்டு அடையாளம் வைக்க வேண்டும், இரண்டு பக்கமும். அதற்குப் போகிற சராசரி அளவு 26 கிரேக்குள் நின்றால் ஒரு வருஷத்தில் எச்சில் ஓரளவு திரும்பும். பழைய முறையில் இரண்டு பக்கமும் நேராக அடிக்கும்போது சுரப்பி முழுசாக நடுவில் மாட்டிக்கொள்ளும். இப்போது பல கோணத்திலிருந்து கதிரின் பலத்தைக் கூட்டிக் குறைத்து வளைத்துவிடலாம். ஆனால் கட்டி அந்தப் பக்கமே இருந்தால் சுரப்பிக்காகக் கட்டியை விட்டுவைக்க மாட்டேன். அங்கே பேரம் கிடையாது.

வாய் திறப்பது குறைகிறது. பரோட்டா சாப்பிட்டு ஒரு வருஷமாச்சு. (அவனியாபுரம்)

கண்ணாடி முன் நின்று உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வையுங்கள். மூன்றும் போனால் பயமில்லை. ரெண்டுதான் போகிறது என்றால் இன்றைக்கே வந்து காட்டுங்கள், கட்டி திரும்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பயிற்சிதான். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, பற்களுக்கு நடுவில் வைத்து, சில நாளைக்கு ஒரு குச்சி கூட்டுவது. நாளைக்கு நாலைந்து தடவை. சிகிச்சை தொடங்கும் முன்னாலேயே ஆரம்பிப்பது நல்லது, இதை நாங்கள் ஓபி கூட்டத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டு விடுகிறோம் என்பதும் உண்மை.

அம்மாவுக்கு இடது மார்பகம். மூச்சை அடக்கச் சொல்கிறார்கள், அவருக்கு 61 வயது. பயமாக இருக்கிறது. (அலங்காநல்லூர்)

ஆழமாக மூச்சிழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரியும், இதயம் மார்புச் சுவரைவிட்டு உள்ளே கீழே தள்ளிப்போகும். கதிர் பாயும் அந்த நொடிகளில் இதயம் விலகியிருக்கிறது, அவ்வளவுதான் தந்திரம். இதயத்துக்குப் போகும் சராசரி அளவு 1 கிரே கூடினால், ஏற்கெனவே உள்ள மாரடைப்பு வாய்ப்பு இன்னும் சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்று ஸ்வீடன், டென்மார்க் பெண்களை வைத்து 2013-ல் காட்டினார்கள். அடக்க வேண்டியது 20 நொடி சுமார், அதுவும் விட்டுவிட்டு. அம்மாவிடம் சின்ன வயதில் கிணற்றில் முங்கு நீச்சல் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட பாட்டிகள் எங்கள் டெக்னீஷியனையே தோற்கடிப்பார்கள். முடியாவிட்டாலும் வேறு வழிகள் இருக்கின்றன, கட்டாயமில்லை.

(ஊர், வயது வேண்டாம் என்று எழுதியவர்) கர்ப்பப்பை வாய்க்குக் கரண்ட் வைத்து ஒன்றரை வருஷம். மலத்தில் ரத்தம் வருகிறது. மூலம் என்று ஊரில் சொன்னார்கள். இன்னொன்றும் இருக்கிறது, கணவருடன் சேர முடியவில்லை, வலி.

இரண்டையும் கேட்டீர்களே, நல்லது. மலக்குடல் கர்ப்பப்பை வாய்க்குப் பின்னாலேயே இருக்கிறது, ஒன்றிரண்டு வருஷத்தில் அதன் உள்தோலில் மெல்லிய ரத்தக் குழாய்கள் உண்டாகிக் கசியலாம். மூலம் என்று முடிவுசெய்து அங்கே கட்டவோ அறுக்கவோ விடாதீர்கள், கதிர் பட்ட இடம் எளிதில் ஆறாது. சதை எடுத்துச் சோதிக்கக்கூட யோசித்துத்தான் எடுக்க வேண்டும். முதலில் எங்களிடம் வாருங்கள், குழாய் விட்டுப் பார்ப்போம், மருந்திலேயே பலருக்கு அடங்கும்.

சேரும்போது வருகிற வலிக்குக் காரணம் பிறப்புறுப்புப் பாதை சுருங்குவதும் காய்வதும். சிகிச்சை முடிந்து சில வாரத்திலேயே விரிக்கும் குழலைப் பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும், உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. இப்போதும் தொடங்கலாம், வழுவழுப்பு ஜெல்லோடு, வாரம் ரெண்டு மூன்று தடவை. பெண் மருத்துவர் வேண்டுமென்றால் சீட்டு போடும்போதே கேளுங்கள்.

கழுத்துக்கு வைத்தபின் எடை கூடுகிறது, எப்போதும் அசதி. (பெரியகுளம்)

கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி மந்தமாகியிருக்கலாம், தைராய்டு டெஸ்ட் எடுங்கள். ஆறு மாதம் அல்லது வருஷத்துக்கு ஒருமுறை, விடாமல். மாத்திரையில் சரியாகும்.

குழந்தைகளுக்கு புரோட்டான் நல்லது என்கிறார்கள், உண்மையா? (தேனி)

வளரும் மூளை, முதுகெலும்பு என்றால் பேசிப் பார்க்க வேண்டிய விஷயம். புரோட்டானும் ஒரு வகைக் கரண்ட்தான், ஆனால் அது குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும், கட்டிக்குப் பின்னால் இருப்பது தப்பிக்கும். சென்னையில் 2019 முதல் இருக்கிறது. எல்லாப் புற்றுநோய்க்கும் அது தேவை என்று யாராவது சொன்னால் காணியை விற்கும் முன் இன்னொருவரிடம் கேளுங்கள்.

எட்டு வருஷமாச்சு, நன்றாக இருக்கிறேன். இன்னும் செக்கப்புக்கு வர வேண்டுமா? (மேலூர்)

வருஷத்துக்கு ஒரு தடவை வாருங்கள். எந்த இடத்தில், எத்தனை கிரே, எத்தனை நாளில் என்று எழுதின சுருக்கத் தாளையும் கொண்டுவாருங்கள், ஜெராக்ஸ் போதும். போன மாதம் ஒருவர் அதை லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, வண்டிச் சாவியோடு மாட்டியிருந்தார்.