உரையை மூடி வைத்துவிட்டுப் பாட்டைப் படியுங்கள்

கேள்வி: பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சங்கப் பாடல்களுக்கு உரை, திணை, துறை எல்லாம் மனப்பாடம். ஆனாலும் நயம் பாராட்டும் கேள்வியில் பாதி மதிப்பெண்தான் வருகிறது. எப்படித் தயாராவது?

பதில்: உழைப்பில் குறையே இல்லை, அதைப் போடுகிற இடம்தான் மாற வேண்டும். உரையை அப்படியே எழுதினால் பாட்டின் பொருள் உங்களுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் தெரியவரும். அந்தப் பொருளை எந்தச் சொல் சுமக்கிறது என்பதைத்தான் கேள்வி கேட்கிறது. பள்ளியில் மோனை, எதுகை, அணி, சுவை என்று தலைப்புப் போட்டே எழுதிப் பழகிவிட்டதால் இது பலருக்கும் வருகிற சிக்கல்.

குறுந்தொகை 25ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாட்டு, ஐந்தே அடி. தலைவன் தன்னை யாரும் அறியாமல் மணந்த நாளைப் பற்றித் தலைவி தோழியிடம் பேசுகிறாள், அவனைத்தான் கள்வன் என்கிறாள். ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்குகிறவள், கடைசி அடியில் ‘குருகும் உண்டு’ என்கிறாள். யாரும் இல்லை என்றவள் ஏன் உண்டு என்கிறாள்? அந்தக் குருகு, அதாவது நீர்ப்பறவை, ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றது, இவர்களைப் பார்க்கவில்லை. சாட்சி இருந்தது, ஆனால் சாட்சி சொல்லாது. அவளுடைய தவிப்பு முழுக்க அந்த ‘உம்’மில் இருக்கிறது. குருகின் கால் தினைத்தாள் போலச் சிறுத்துப் பசுமையாக இருந்தது வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது பாருங்கள், அந்த நாள் அவள் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்! ‘உவமை அணி வந்துள்ளது’ என்று ஒரு வரியில் முடித்தால் இதெல்லாம் விட்டுப்போகும். ‘தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ’ (அவனே அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்) என்பதிலும் தான், யான் என்று ஒரே ஓசையில் அவனும் அவளும் ஓர் அடிக்குள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஓசை நயம் எழுதுவதென்றால் இப்படி எழுதுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். நாளைக்கு ஒரு பாட்டு போதும். அருஞ்சொற்பொருள் மட்டும் பார்த்துக்கொண்டு, வாய்விட்டு நாலு தடவை படியுங்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டு, உங்களை நிறுத்துகிற ஒரு சொல்லைப் பிடித்து, அது இல்லாவிட்டால் பாட்டு என்ன ஆகும் என்று பத்து வரி எழுதுங்கள். அப்புறம் உரையைத் திறந்து சரிபாருங்கள். மனப்பாடம் வேண்டும்தான், ஆனால் பாட்டின் அடிகளை. அவை நினைவில் இருந்தால்தான் தேர்வறையில் சொல்லை எடுத்துக்காட்ட முடியும். திணை, துறை, கூற்று முதல் இரண்டு வரியில் முடியட்டும், மீதிப் பக்கத்தைப் பாட்டுக்குக் கொடுங்கள்.