பித்தளைச் செம்பு படமெடுக்க குடையா, சொஃப்ட்பொக்ஸா?

வெள்ளவத்தை பிளாட்டில் சின்ன அறை, பித்தளைச் செம்பைப் படமெடுக்க எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். சொஃப்ட்பொக்ஸ்தான், அதாவது முன்பக்கம் வெள்ளைத் துணி போர்த்திய விளக்குப் பெட்டி. விளக்கோடு பொருத்தும் ஸ்டூடியோக் குடை வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறவிடும், அது வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, உங்களுக்கு வேண்டிய நிழலையே அழித்துவிடும்.

ஆனால் பொருளிலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதில்தான் வெளிச்சத்தின் மென்மை இருக்கிறது. 60 சென்டிமீட்டர் பெட்டியை அரை மீட்டரில் வைத்தால் நிழலின் ஓரம் கரையும், இரண்டு மீட்டர் தள்ளினால் கூர்மையாகிவிடும்.

பித்தளையில் இன்னொரு சிக்கல், பெட்டி அப்படியே வெள்ளைச் சதுரமாகத் தெரியும். நான் பெட்டிக்கும் செம்புக்கும் நடுவில் பெரிய ட்ரேசிங் பேப்பர் ஒன்றைத் தொங்கவிட்டு, பெட்டியைச் சற்றுப் பின்னால் இழுப்பேன். அப்போது செம்பின் வளைவில் ஒளி நடுவில் வெளுத்து, ஓரத்தில் மெல்ல மங்கும், அவ்வளவு அழகு! அப்புறம் நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பிவிட மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டை, சரி.