அப்பா செய்த பாவம் என் பிள்ளையைத் தொடருமா?

ஐயா, எனக்கு 33 வயது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். என் அப்பா ஏலச்சீட்டு நடத்தி, 19 பேரின் பணத்தைக் கொடுக்காமல் சீட்டை உடைத்தார். அந்தப் பணத்தில் 40 சென்ட் நிலம் வாங்கியிருந்தார் என்பது அவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருடத்தில் எனக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. தம்பியோ மனைவிக்குத் தெரியாமல் கடன்மேல் கடன் வாங்குகிறான். உபவாசக் கூட்டத்தில் ஒரு ஊழியர், "இது பரம்பரைச் சாபம், நாலு தலைமுறைக்கு விடாது. 21 நாள் உபவாசம் இருந்து சாபக்கட்டை உடைக்க வேண்டும்" என்றார். மாமியாரும் அதையே சொல்லிக் காட்டுகிறார். என் 8 வயது மகளைப் பள்ளியில் "சீட்டுக்காரன் பேத்தி" என்கிறார்கள். அவளையும் இது தொடருமா?
– ஒரு சகோதரி

அன்புச் சகோதரி,

கருவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அதில்தான். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், அந்தக் கருவிலேயே தற்செயலாக நேரும் குரோமோசோம் கோளாறு. அதற்கும் உங்கள் அப்பாவின் சீட்டு நோட்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு முறை கலைந்திருப்பதால் மகப்பேறு மருத்துவரிடம் போய் தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு, இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி கருத்தரிக்க நினைக்கும் நேரத்தில் 21 நாள் உபவாசம் வேண்டாம்.

இனி அந்த வசனம். யாத்திராகமம் 20:5-ல் "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" என்பதை மட்டும் உருவி எடுத்துப் பயமுறுத்துகிறார்கள். அதே வசனத்தில் "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்று இருக்கிறது. அடுத்த வசனமோ அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை இரக்கம் என்கிறது. நாலையும் ஆயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் எதை வலியுறுத்துகிறார் என்று நீங்களே பாருங்கள்.

இதே கேள்வியோடு ஒரு கூட்டமே பாபிலோனில் உட்கார்ந்திருந்தது. கி.மு. 597-இல் யூதா நாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்பது அவர்கள் வாயில் பழமொழியாகவே இருந்தது. அதில் பாதி உண்மையும் உண்டு. முன்பு ஆண்ட மனாசே ராஜா செய்த பாவங்களைத்தான் இராஜாக்களின் புத்தகம் அந்த நாட்டின் அழிவுக்குக் காரணமாகச் சொல்கிறது. ஆனால் அவர்களிடம் எசேக்கியேல் தீர்க்கதரிசி சொன்னது (18:20): குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. நாடு இழந்தது விளைவு. அதை அவர்கள் அனுபவித்தார்கள். குற்றம் அவர்கள் கணக்கில் எழுதப்படவில்லை. உங்கள் ஊழியர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்; உங்களை அழுத்துவது அந்தக் கட்டுதான்.

தாவீது ராஜா செய்த பாவத்துக்காக அவர் குழந்தை இறந்ததே என்று மாமியார் கேட்கலாம். அது ஒரு தீர்க்கதரிசி நேரில் வந்து அறிவித்த ஒரு சம்பவம். எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் சட்டமல்ல. அதே தாய்க்கும் தகப்பனுக்கும் அடுத்துப் பிறந்தவர் சாலொமோன். அவரிடத்தில் கர்த்தர் அன்பாயிருந்தார் என்று அதே அதிகாரம் சொல்கிறது. பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் இயேசுவிடம் கேட்டபோதும் "இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றுதான் பதில் வந்தது.

அப்படியானால் எதுதான் தொடர்கிறது? பழக்கம். ஆபிரகாம் கேரார் என்ற ஊரில் பயந்து மனைவியைத் தங்கை என்றார். அவர் மகன் ஈசாக்கு அதே கேராரில் அதையே சொன்னார். யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டித் தோலால் தகப்பனை ஏமாற்றினார். அவர் பிள்ளைகள் வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தால் அவரை ஏமாற்றினார்கள். உங்கள் தம்பி மனைவியிடம் கடனை மறைப்பதை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். பணக்கஷ்டம் வந்தால் மூடி மறைப்பது என்பதை அவர் வீட்டில் கண்டு கற்றிருக்கிறார். கற்றதை மாற்ற முடியும். கடன் விவரம் முழுவதையும் ஒரே தாளில் எழுதி, மனைவி முன்னால் வாசிப்பதுதான் அவருக்கு முதல் படி. அவருக்காக நீங்கள் கடனை அடைத்தால் மறைப்பதற்கு இன்னும் இடம் கொடுத்ததாகும்.

நிலம் வேறு விஷயம். குற்றம் உங்களுடையதல்ல, ஆனால் பொருள் உங்கள் கையில் இருக்கிறது. வரி வசூலித்த சகேயு நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னது தானே செய்த அநியாயத்துக்காக. அது உங்கள்மேல் கடமையல்ல. சட்டமும் வாரிசு பெற்ற சொத்தின் அளவுக்கு மேல் உங்களிடம் கேட்காது. கிறிஸ்தவ வாரிசுரிமைப்படி அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி உங்களுக்கும் தம்பிக்கும் சமமாக. பணம் இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க அவர்கள் சம்மதிக்காவிட்டால் உங்கள் பங்கை மட்டும் கொடுத்து நின்றுகொள்ளுங்கள்.

சீட்டு நோட்டை எடுத்து 19 பேரும் கட்டிய தவணையைக் கூட்டுங்கள். ஏற்கெனவே சீட்டு எடுத்தவர்களுக்குப் பாக்கி இருக்காது, அவர்களைத் தனியே பிரித்துவிடுங்கள். மொத்தப் பாக்கி 12 லட்சம், உங்களிடம் சேர்ந்தது 3 லட்சம் என்றால் எல்லாருக்கும் ரூபாய்க்கு 25 காசு. பலர் சறுக்குவது இங்கேதான்: அதிகம் சத்தம் போடுகிறவருக்கு முழுதாகக் கொடுத்துவிட்டு, வாய்திறக்காத விதவைக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போகும். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பெயரில் புரோநோட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதினால் அப்பாவின் கடன் உங்கள் சொந்தக் கடனாகிவிடும். தொடங்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

மகளிடம் மறைக்க வேண்டாம். "தாத்தா பிறர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது தப்பு. நீ அதைச் செய்யவில்லை." இவ்வளவு போதும். மேலே கேட்டால் மட்டும் மேலே சொல்லுங்கள். கேலி நிற்காவிட்டால் வகுப்பு ஆசிரியையிடம் நீங்களே போங்கள்.

கோராகு மோசேக்கு எதிராக எழும்பி மாண்டான். "கோராகின் குமாரரோ சாகவில்லை" என்று எண்ணாகமம் 26:11 சொல்கிறது. அந்த வம்சத்தார் பின்னால் ஆலயத்தில் பாடகர்கள் ஆனார்கள். அவர்கள் பெயரில் உள்ள 88-ஆம் சங்கீதத்தை நீங்கள் தனியாக இருக்கும்போது வாய்விட்டு வாசியுங்கள். அது ஆறுதலோடு முடிவதில்லை; "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்றே முடிகிறது. இழந்த இரண்டு பிள்ளைகளுக்காக நீங்கள் இன்னும் அழவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றியது.