ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு கன்சல்டன்ட் ஆகலாமா?

கேள்வி: நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் 4 வருஷம் 9 மாதமாக டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். சென்னையில்தான் அலுவலகம். மாதச் சம்பளம் 60,000 ரூபாய். அதில் பேசிக் 30,000. இப்போது ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். மறுநாளே கன்சல்டன்டாகச் சேர்த்துக்கொண்டு 68,000 தருவார்களாம். அதே நாற்காலி, அதே வேலை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இந்த வாரம் போடாதீர்கள். முதலில் அந்த 8,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 3,600 ரூபாயை நிறுவனம் தன் பங்காக பி.எஃப்.-க்குக் கட்டுகிறது. அது நின்றுவிடும். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, வருஷத்துக்கு 15 நாள் பேசிக் சம்பளம்; மாதத்துக்கு 26 வேலைநாள் என்று கணக்கு. மாதக் கணக்கில் சுமார் 1,440 வரும். அதுவும் போச்சு. மிச்சம் மூவாயிரத்துக்கும் கீழே. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் அதற்குள்ளேதான் நீங்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். போதாததற்கு, தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீத டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்தால் கைக்கு வருவது 61,200. கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கலாம்தான், ஆனால் அதுவரை பணம் உங்களிடம் இருக்காது.

கிராஜுவிட்டிக்கு 5 வருஷம் வேண்டுமே என்பீர்கள். அந்த ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அது முழு வருஷம் என்று 1998-ல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, உங்களுக்கு இப்போதே வாதம் இருக்கிறது. ஆனாலும் வாதம் வேறு, கையில் வரும் காசோலை வேறு. இன்னும் 3 மாதம் பொறுத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை: 30,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 வருஷத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 86,500 ரூபாய். நிறுவனம் ஏன் இப்போது அவசரப்படுகிறது என்று எனக்கொரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும்.

சரி, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லாம் முடிந்துவிடாது. தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு நீதிமன்றம் நிற்பதில்லை. 1956-ல் தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில், உப்பளத்தில் விளைச்சலுக்கேற்ப கூலி வாங்கிய அகாரியாக்களை, அதாவது உப்பு விளைவிப்பவர்களை, தொழிலாளர்கள் என்றே உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவர்கள் உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொண்டது கூடத் தடையாகவில்லை. 1973-ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கிலும் அப்படித்தான். அந்தத் தையற்காரர்களுக்குத் துணி எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆனால் இயந்திரம் கடைக்காரருடையது, தைத்தது சரியில்லையென்றால் திருப்பித் தரும் உரிமையும் அவருக்கு. உங்கள் கம்ப்யூட்டரும் ஆட்டோகேட் லைசென்ஸும் யாருடையவை? விரல் ரேகை வைத்து உள்ளே போகிறீர்களா? விடுப்புக்கு மேலாளரிடம் கேட்க வேண்டுமா? இவையெல்லாம் நாளைக்கும் அப்படியே தொடர்ந்தால், நீங்கள் ஊழியர்தான் என்று வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும்; அதை நம்பி இன்று கையெழுத்துப் போடாதீர்கள்.

நிஜமாகவே தனித்து இயங்க ஆசையிருந்தால், நாலு இடத்தில் வேலை எடுத்து, நேரத்தையும் விலையையும் நீங்களே வைப்பதாக இருந்தால், தாராளமாகப் போங்கள். நல்ல வாழ்க்கைதான். அப்போது 68,000 குறைவு, கூட்டிக் கேளுங்கள்.

இப்போதைக்கு, 'யோசித்துச் சொல்கிறேன், விவரத்தை எழுத்தில் தாருங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, விடுப்பு மின்னஞ்சல்களின் நகலை எடுத்து வையுங்கள். 'பாக்கி எதுவும் இல்லை' என்ற தாள் நீட்டினால், கிராஜுவிட்டி கணக்கில் ஏறிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அப்புறம், விலகிய பின் 2 வருஷம் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அது செல்லாது.