கர்ப்பம் என்று தெரியாமல் குடித்துவிட்டேன்… கலைக்க வேண்டுமா?

கேள்வி: வயது 27. மாதவிடாய் தள்ளிப்போனதால் ஸ்கேன் எடுத்தேன். 7 வாரக் கர்ப்பம் என்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பாட்டில் பீரும், போன வாரம் இரண்டு கிளாஸ் ஒயினும் குடித்திருக்கிறேன். குழந்தை குறையோடு பிறக்குமோ என்று தூக்கமே வரவில்லை. கலைத்துவிடலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காகக் கலைக்க வேண்டாம். நீங்கள் குடித்த அளவுக்குக் கருக்கலைப்பு மருத்துவ ஆலோசனையே அல்ல.

7 வாரம் என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கரு உருவாகி 5 வாரம்தான் ஆகிறது. பீர் குடித்தபோது அதற்கு வயது 2 வாரம். அந்தக் கட்டத்தில் பெரிய பாதிப்பு நேர்ந்தால் பெரும்பாலும் கரு தங்காது. தங்கிவிட்டால் பெரும்பாலும் குறையின்றி வளரும். ஒயின் குடித்த வாரம் அப்படியல்ல, இதயமும் மூளையும் முகமும் உருவாகத் தொடங்கிவிட்ட வாரம். இரண்டு கிளாஸால் பாதிப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்லும்படியான அளவு எதுவும் நிறுவப்படவில்லை. அதனால்தான் இனி ஒரு வாய்கூட வேண்டாம் என்கிறோம்.

மதுவிலுள்ள எத்தனால் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கும். உங்கள் ரத்தத்தில் உள்ள அளவுக்கு ஏறக்குறைய சமமாகக் கருவின் ரத்தத்திலும் ஏறிவிடும். அதை முறிக்கும் நொதி கருவின் கல்லீரலில் மிகக் குறைவு. கரு சிறுநீராக வெளியேற்றுவது பனிக்குட நீரில் கலக்கிறது, அந்த நீரையே கரு திரும்ப விழுங்குகிறது. அதிகமாகக் குடிக்கும் தாய்மாரின் சில குழந்தைகளுக்கு மேலுதடு மெலிந்து, மூக்குக்குக் கீழுள்ள பள்ளம் மழுங்கி, கண்கள் சிறுத்திருக்கும். பாதிக்கப்பட்ட பெரும்பாலான குழந்தைகளின் முகத்திலோ எதுவும் தெரியாது. பள்ளிக்குப் போன பிறகுதான் கவனமின்மை, மறதி, கணக்கு வராமை என்று வெளிப்படும். மூளை கடைசி மாதம் வரை வளர்வதால், 'முதல் மூன்று மாதம் தாண்டினால் பரவாயில்லை' என்பது தவறு.

பீர் லேசானது என்பதும் தவறுதான். 5 சதவீத பீர் 650 மி.லி. பாட்டிலில் சுமார் 26 கிராம் எத்தனால் இருக்கிறது, 60 மி.லி. பிராந்தியில் சுமார் 20 கிராம். அரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு, லேபிளைப் பாருங்கள்.

அடுத்த செக்கப்பில், குடித்த தேதியையும் அளவையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதித் தராவிட்டால் ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் போதும். 11 முதல் 13 வாரத்தில் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புக் குறை பார்க்கும் ஸ்கேன், இரண்டையும் தவறவிடாதீர்கள். இதயக் குறையையும் வளர்ச்சிக் குறையையும் ஸ்கேன் காட்டக்கூடும். மூளை எப்படி வேலை செய்யும் என்பதைக் காட்டாது. ஆகவே குழந்தை நல மருத்துவருக்கும் இந்த விவரம் தெரிந்திருக்கட்டும்.

தினமும் குடிக்கும் கர்ப்பிணிகள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டில் திடீரென நிறுத்தாதீர்கள். நடுக்கம், வலிப்பு வரை போகலாம். தாய்க்கும் கருவுக்கும் அது ஆபத்து. மருத்துவமனையில் சேர்ந்து, மருந்தின் துணையோடு சில நாட்களில் நிறுத்தலாம்.